பன்னிரண்டு பேரில் ஒருவர்

கடிதம் மூன்றே வரி. எழுதியவர் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, தேதிகூட இல்லை. எல்லாம் கணினியில் அடித்து அச்செடுத்த எழுத்து.

"உங்கள் மகள் ஆய்வுக்கூடத்தில் இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதி வைக்கிறாள். நேர்மைக்குப் பேர்போன உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். குடும்ப நாளன்று நேரிலேயே அவளைக் கேட்டுப் பாருங்கள்."

முத்திரையார் அதை மூன்று முறை படித்தார். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து அரசு முத்திரை குத்தும் ஆய்வாளராக முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. மொட்டைக் கடிதம் அவருக்குப் புதிதல்ல. வேலையில் இருந்த காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று வரும். பாதி பொறாமையில் எழுதியது, கால்வாசி ஆள் மாற்றி எழுதியது, மீதி நிஜம். எது எந்த வகை என்பதை அவர் மூக்கே சொல்லிவிடும். இந்தக் கடிதத்தில் மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு முதல் சந்தேகம்.

"என்னங்க, மின்சார பில்லா? முகம் ஏன் அப்படிப் போச்சு?" என்று கேட்டபடி மனைவி வந்து கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"கிழிச்சுப் போடுங்க."

"விசாரிக்காமலா?"

"பாப்பாவைப் பத்தி எவனோ வயித்தெரிச்சல்ல எழுதியிருக்கான். அதைப் போய் விசாரிக்கணுமா?"

"வயித்தெரிச்சல்னா விசாரிச்சா தெரிஞ்சிடும்."

மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க அண்ணனை விசாரிச்ச மாதிரியா?"

அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. முத்திரையாரின் அண்ணன் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஒருநாள் அந்தக் கடைத் தராசின் தட்டுக்கு அடியில் ஈயத்துண்டு ஒட்டியிருப்பதாகப் புகார் வந்தது. வேறு ஆய்வாளரை அனுப்பச் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. தாமே போனார், தட்டைத் திருப்பினார், ஈயம் இருந்தது, கடைக்குச் சீல் வைத்தார். தம்பி கேட்ட ஒரு கேள்விக்கும் அண்ணன் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு சாகும்வரை அவர் தம்பி வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. இறுதிச் சடங்கில் முத்திரையார் தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். அவரை உள்ளே வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை.

"எங்க குடும்பத்துல பொய் எடை கிடையாதுன்னு இன்னிக்கும் ஊர்ல சொல்றாங்க," என்றார் முத்திரையார்.

"சொல்றாங்க. அண்ணனும் கிடையாது. அதையும் சொல்றாங்க. இப்ப ஒரே பொண்ணு பாக்கி."

அன்று மதியம் அவர் மேசையில் உட்கார்ந்து ஒரு புகார் மனு எழுதினார். ஆய்வுக்கூடத்தின் தலைமைக்கு முகவரியிட்டு, 'என் மகள் பற்றி எனக்குக் கிடைத்த தகவலின் பேரில் முறையான விசாரணை கோருகிறேன்' என்று தொடங்கி, கீழே முழுக் கையெழுத்தும் போட்டார். மகளை நேரில் கேட்பது, அவள் பதில் சரியில்லை என்றால் மனுவைக் கொடுத்துவிடுவது என்பதே அவர் போட்ட திட்டம். மனுவையும் மொட்டைக் கடிதத்தையும் தனித்தனியாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை, ஊழியர்களின் வீட்டார் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கும் குடும்ப நாளுக்கு உடன் வருவதற்கும் மறுத்துவிட்டார்.

"நீங்க அதிகாரியா போறீங்க. அதிகாரிக்குப் பொண்டாட்டி எதுக்கு?"

*

ஆய்வுக்கூடம் ஒரு பழைய சுரங்கத்துக்குள் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு லிஃப்ட் கோபுரமும் நான்கு தகரக் கொட்டகைகளும்தான் தெரியும். மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். முப்பத்தொரு வயது, தூக்கிக் கட்டிய கூந்தல், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். அந்த மலர்ச்சியில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று அவர் பார்த்தார். பார்த்ததற்காகத் தம்மேலேயே கொஞ்சம் கோபமும் வந்தது.

"அம்மா வரலையா?"

"முட்டி வலி," என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "வர மாட்டேன்னுட்டா."

அவளுக்குப் பக்கத்தில் சுருள் சுருளாக முடி வைத்த ஓர் இளைஞன் நின்றிருந்தான். மகளோடு வேலை செய்பவன். எல்லோரும் அவனைச் சுருட்டை என்றே கூப்பிட்டார்கள்.

"சார், உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க வந்தா மார்க்கெட்டே கிடுகிடுன்னு நடுங்குமாமே?"

"ஒழுங்கா எடை போட்டவன் நடுங்கல."

"பார்த்தியா, வந்ததும் அடி!" என்று சுருட்டை சிரித்தான். தேவைக்கு ஒரு பங்கு கூடுதலான சிரிப்பு.

கீழே போவதற்குமுன் எல்லோரும் குளிக்க வேண்டும். சொந்த உடை, செருப்பு, கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டு அவர்கள் கொடுக்கும் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆண்கள் பக்கத்துக் காவலர் அவர் கையிலிருந்த இரண்டு மடித்த காகிதங்களைக் காட்டி, "அதுவும் பெட்டிக்குள்ளதான் ஐயா. காகிதத்துல தூசி இருக்கும்," என்றார்.

"இத்துனூண்டு தூசி என்ன செஞ்சிடும்?"

"எனக்குத் தெரியாது. ஆனா ஒரு சிட்டிகை உள்ள போச்சுன்னா மேல இருக்கறவங்க என் தலையை எடுத்துடுவாங்க."

பூட்டிவிட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். காகிதங்கள் கைவசம் இல்லாமல் விசாரணைக்குப் போவது அவருக்கு இதுவே முதல் தடவை.

லிஃப்ட் ஒரு கிலோமீட்டர் இறங்கியது. காது அடைத்தது. மகள் பக்கத்தில் நின்று மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நியூட்ரினோன்னு ஒரு துகள், அப்பா. சூரியன்ல இருந்து வருது. உங்க கட்டைவிரல் நகம் இருக்கில்ல, அது வழியா ஒவ்வொரு நொடியும் ஆறாயிரம் கோடி போகுது."

அவர் நகத்தைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது. எதுலயும் முட்டாது. உங்களைத் தாண்டி, தரையைத் தாண்டி, பூமியோட அந்தப் பக்கம் வெளியே போயிடும். கோடி கோடியில ஏதோ ஒண்ணு, எப்பவாவது தப்பித் தவறி எதிலயாவது மோதும். அந்த ஒண்ணைப் பிடிக்கத்தான் இங்க இருக்கோம்."

"அதுக்கு ஏன் பாதாளத்துக்கு வரணும்?"

"மேல வானத்துல இருந்து வேற துகளும் கொட்டிக்கிட்டே இருக்கு. கையை விரிச்சா உள்ளங்கையில நொடிக்கு ஒண்ணாவது விழும். அந்த இரைச்சல்ல இது கேக்காது. இந்தப் பாறை அதையெல்லாம் தடுத்துடும். நியூட்ரினோவைப் பாறை தடுக்காது."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பொருள், யாரும் இறங்காத ஆழம், சாட்சி சொல்ல ஓர் ஆள் இல்லாத இடம். ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட வசதியான கடை எங்கே கிடைக்கும் என்று அவர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

*

கீழே பெரிய குகை ஒன்று. அதன் தரை என்று அவர் நினைத்தது உண்மையில் ஒரு தொட்டியின் மூடி. பதின்மூன்று மாடி உயரத் தொட்டி அவர் காலுக்குக் கீழே இருந்தது. அதில் ஐம்பதாயிரம் டன் சுத்தத் தண்ணீர். சுவர் முழுக்கக் கண்ணாடிக் குமிழ்கள். ஒரு குமிழை மட்டும் பார்வையாளருக்காக மேசைமேல் வைத்திருந்தார்கள். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரியது, உட்புறம் பொன்னிறப் பூச்சு.

"உள்ள கும்மிருட்டு," என்றாள் மகள். "நியூட்ரினோ ஒண்ணு தண்ணியில மோதிச்சுன்னா, அங்கேருந்து மின்சாரம் ஏறின ஒரு துகள் பிச்சுக்கிட்டு ஓடும். தண்ணிக்குள்ள வெளிச்சத்தோட வேகம் கொஞ்சம் குறையும். அந்தத் துகள் வெளிச்சத்தையே முந்திடும். படகு வேகமா போனா பின்னாடி அலை விரியுமில்ல, அந்த மாதிரி நீல வெளிச்சம் கூம்பா விரிஞ்சு சுவர்ல வளையமா விழும். எந்தெந்தக் குமிழ் பார்த்துச்சு, எது முதல்ல பார்த்துச்சுன்னு கணக்குப் போட்டா, துகள் எங்க பிறந்துச்சு, எந்தப் பக்கம் ஓடுச்சு, எவ்வளவு வேகம், எல்லாம் தெரிஞ்சிடும்."

"குமிழ் சரியா பார்க்குதுன்னு எப்படித் தெரியும்?"

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் பளிச்சிட்டது. "இந்தக் கேள்வியைத்தான் நீங்க கேப்பீங்கன்னு நினைச்சேன். எவ்வளவு வெளிச்சம்னு முன்னாடியே அளந்து வச்ச விளக்கு ஒண்ணு இருக்கு. அதைக் கயித்துல கட்டித் தொட்டிக்குள்ள இறக்கி, குமிழ் சொல்ற அளவும் விளக்கோட அளவும் ஒத்துப் போகுதான்னு பார்ப்போம். மாசா மாசம்."

"படிக்கல்," என்றார் அவர் தம்மை அறியாமல். தராசைச் சோதிக்க அவர் கையோடு கொண்டுபோன அரசாங்க எடைக்கல். அதைப் பட்டுத்துணியில் சுற்றித்தான் வைத்திருப்பார்.

"அதே."

"சரி. வெளிச்சம் வருது. அது நீ தேடுற ஆள்தான்னு எப்படிச் சொல்றே? பாறையில இருந்து வந்திருக்கலாம். தண்ணியில இருந்து வந்திருக்கலாம். குமிழே பொய் சொல்லலாம்."

"எல்லாரையும் சந்தேகப்படுவோம், அப்பா. பாறையிலயும் கதிர் இருக்கு, காத்துலயும் இருக்கு, உங்க சட்டைத் தூசியிலயும் இருக்கு. அதான் குளிக்கச் சொன்னது. சுவரை ஒட்டி வர்ற வெளிச்சம் எல்லாத்தையும் தள்ளிடுவோம், அது பாறையோட வேலையா இருக்கலாம். சூரியன்ல இருந்து வர்றதுன்னா வளையம் சூரியன் இருக்கிற திசையைக் காட்டிக் கொடுக்கும். ஆனா நாங்க பன்னிரண்டு பேரும் தேடுறது சூரியனோடது இல்ல. எத்தனையோ கோடி வருஷம் முன்னாடி வெடிச்சுப்போன நட்சத்திரங்களோடது. அதுக்குத் திசை கிடையாது, எல்லாப் பக்கத்துல இருந்தும் வரும். அதனால அதுக்கு வேற அடையாளம். முதல்ல ஒரு வெளிச்சம். ஒரு நொடியைப் பத்தாயிரம் கூறாக்கினா ஒரு கூறுக்குள்ள, அதே இடத்துக்குப் பக்கத்துலயே, இன்னொரு சின்ன வெளிச்சம். ரெண்டும் ஜோடியா வந்தாத்தான் எடுத்துப்போம். தண்ணியில அதுக்குன்னே ஒரு உப்பு கரைச்சிருக்கோம். ரெண்டாவது வெளிச்சத்தைக் கிளப்பி விடுறது அதுதான்."

"எத்தனை கிடைச்சுது?"

"ரெண்டு வருஷத்துல பதினொண்ணு," என்றான் சுருட்டை, குறுக்கே பாய்ந்து. அந்த எண்ணை அவன் சொன்ன விதம், தன் பிள்ளைகளை எண்ணிக் காட்டுவதுபோல் இருந்தது.

இரண்டு வருடம், பதினோரு மின்னல். ஒன்றைக் கூட்டி எழுதினால் யாருக்குத் தெரியும்? ஈயத்துண்டு இவ்வளவு சின்னதாக இருந்தால் எந்தத் தட்டின் அடியிலும் ஒட்டலாம்.

"எல்லாத்தையும் சோதிக்கிறீங்க. உங்களை யார் சோதிக்கிறது?"

"அப்படிக் கேளுங்க சார்!" சுருட்டை கையைத் தட்டினான். "அதுக்கும் ஆள் இருக்கு. எங்க பன்னிரண்டு பேர்ல ஒருத்தர் பொய் மின்னல் தயார் பண்ணி, நிஜத்தோட நிஜமா பதிவுக்குள்ள கலந்து வச்சிடுவாங்க. எது பொய்னு மத்தவங்களுக்குத் தெரியாது. கலக்கிறது யாருன்னும் தெரியாது. பெரிய மேடத்துக்கு மட்டும் தெரியும்."

பெரிய மேடம் என்பது ஆய்வுக்கூடத்தின் தலைவி.

"எதுக்கு அந்தக் கூத்து?"

"ஆசைதான் சார் காரணம். எது பொய்னு தெரிஞ்சா, நிஜத்துக்கு ஏத்த மாதிரி மின்னலைப் பொறுக்குற விதியை வளைச்சிடுவோம், எங்களுக்கே தெரியாம. அதோட, எட்டு பொய் கலந்து நாலுதான் எங்க கையில சிக்குச்சுன்னா, எங்க வலை பாதிதான் பிடிக்குதுன்னும் தெரியும். இன்னும் பன்னிரண்டு நாள் கழிச்சு, பொய்ப் பட்டியலைப் பூட்டி வச்ச பெட்டியைத் திறக்கறோம். அன்னிக்குத்தான் பட்டியலைப் படிப்பாங்க."

சொல்லிக்கொண்டே அவன் முத்திரையாரின் முகத்தைப் பார்த்தான். பார்வையாளனுக்குத் தொட்டியைக் காட்டுபவன் தொட்டியைப் பார்க்க வேண்டும். இவன் கண் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை.

முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை. வைத்துக்கொண்டார். உள்ளே மட்டும் அந்த மூன்று வரிகளும் ஓடின. இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதி வைக்கிறாள். அப்படியென்றால், அவள் அந்த ஒருத்தியாக இருந்தால் அது குற்றமே அல்ல, அவளுக்கு இட்ட வேலை. அந்த ஒருத்தியாக இல்லாமல் எழுதி வைத்தால் அது மோசடி. செயல் ஒன்றுதான். அதைத் தராசில் வைத்துப் பிரிக்க வழியே இல்லை.

"சார், உங்க பொண்ணுகிட்ட ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேளுங்க. நாங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டோம்," என்றான் சுருட்டை.

*

குகையின் ஓரத்தில் தேநீர் குடிக்க ஒரு சிறு அறை இருந்தது. சுருட்டையை யாரோ கூப்பிட, அப்பாவும் மகளும் தனித்து விடப்பட்டார்கள். முத்திரையார் கோப்பையைத் தொடவில்லை.

"பாப்பா, ஒரே ஒரு கேள்வி. நீ இல்லாததை இருக்குன்னு எழுதி வைக்கிறியா?"

அவள் கோப்பை பாதி வழியில் நின்றது. முகத்திலிருந்த மகள் மறைந்து வேறு யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

"இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், அப்பா."

"இல்லைன்னா இல்லைன்னு சொல்ல என்ன தடை?"

"ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம். யார் கேட்டாலும் இதே பதில்தான். புருஷன் கேட்டாலும், பெத்தவங்க கேட்டாலும்."

"நான் வெளி ஆள் இல்ல."

"கேக்கிறது நீங்கதான். ஆனா உங்களைக் கேக்க வச்சது யாருன்னு எனக்குத் தெரியாதே."

அவருக்குச் சுருக்கென்றது. முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் பதில் சொல்ல மறுத்தவன் எவனும் சுத்தமாக இருந்ததில்லை. அண்ணன் இப்படித்தான், இதே மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு, உதட்டைப் பிரிக்காமல் நின்றார். ஆனால் அண்ணன் அன்று தரையைப் பார்த்தாரா, தம்மைப் பார்த்தாரா? நேராகப் பார்த்தார் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தார். இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"வேற யார்கிட்டயாவது இதைக் கேட்டீங்களா?" என்றாள் மகள்.

"இல்ல."

"கேட்டுடாதீங்க, அப்பா. என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் நினைச்சுக்குங்க. ரெண்டு வருஷ வேலை. வெளியே தெரிஞ்சா அவ்வளவும் தண்ணியில போயிடும்."

"என்ன வேணும்னாலும்னா? உங்க பெரியப்பா விஷயம் தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்," என்றாள் அவள். கோப்பையைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுதான் சொல்றேன்."

*

மேலே வந்து உடை மாற்றிக்கொண்டார். காகிதங்கள் இரண்டும் சட்டைப்பைக்குத் திரும்பின. மனுவைக் கொடுக்க வேண்டிய நேரம் இதுதான். பதில் சரியில்லை என்றால் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார். பதிலே வரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து மொட்டைக் கடிதத்தை மறுபடி பிரித்தார். இந்தத் தடவை கடைசி வரியில் மூக்கு விழித்துக்கொண்டது. நேரிலேயே அவளைக் கேட்டுப் பாருங்கள். புகார் எழுதுகிறவன் தண்டனையைக் கேட்பான். சீல் வை, பிடித்துக்கொண்டு போ, வேலையைவிட்டுத் தூக்கு என்பான். இவன் அதைக் கேட்கவில்லை. அப்பாவிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொல்கிறான். அதுவும் குடும்ப நாளன்று, தன் கண் முன்னால். அப்பா கொதித்தால், மகள் கலங்கினால், இரண்டு பேரும் தலைவியிடம் ஓடினால் அவனுக்கு விடை கிடைத்துவிடும். பொய் கலக்கும் அந்த ஒருவர் யார் என்று தெரிந்தால் எது பொய் மின்னல் என்பதையும் மோப்பம் பிடித்துவிடலாம்.

கீழே தம் முகத்தைவிட்டு நகராத சுருட்டையின் கண் நினைவுக்கு வந்தது. தம்மைத் தட்டில் வைத்து எடை போட்டிருக்கிறான் ஒருவன்! முத்திரையாருக்குக் காது சிவந்தது.

ஆனால் அந்தக் கோபத்திலும் ஒன்றை மறக்கவில்லை. சுருட்டை களவாணி என்பதால் மகள் நல்லவள் என்று ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு வழக்கு.

வெளியே கூடத்தில் பெரிய மேடம் குடும்பங்களை வழியனுப்பிக்கொண்டிருந்தார். ஒல்லியான, நரைத்த பெண்மணி. சுருட்டை அவர் அருகிலேயே நின்றான். இப்போது முத்திரையார் போய், 'உங்களோடு தனியாகப் பேச வேண்டும்' என்று சொன்னாலே போதும், அவன் எடை போட்டு முடித்துவிடுவான். பேசாமல் போனால், கையில் புகார் இருந்தும் கமுக்கமாக இருந்தவர் என்று தம் மனசாட்சியே தம்மைச் சும்மா விடாது. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சுவர்.

அப்போதுதான் சாமான் ஏற்றும் லிஃப்டின் வாசலில் இருந்த மேடைத் தராசு கண்ணில் பட்டது. பழக்க தோஷத்தில் குனிந்து முத்திரைத் தகட்டைப் பார்த்தார். காலாவதியாகி இரண்டு வருடம். அவர் நிமிர்ந்தபோது குரலும் நிமிர்ந்தது.

"இதுக்கு யார் பொறுப்பு?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நொடியைப் பத்தாயிரம் கூறு போடுறீங்க. ஒரு தராசுக்கு முத்திரை போட வக்கில்லையா? ரெண்டு வருஷமா ஆய்வாளர் வரலையா, வந்தவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிட்டீங்களா?"

"ஐயா, அது சும்மா சாமான் நிறுக்கிறது…" என்றார் பெரிய மேடம், திகைத்துப்போய்.

"சும்மா நிறுக்கிற தராசுன்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. இதை வாய்ச்சொல்லா விட மாட்டேன். எழுத்துல கொடுக்கிறேன். உங்க அறை எங்கே?"

சுருட்டை வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "மேடம், மாட்டினீங்க! மார்க்கெட்டே நடுங்குமாம்."

அறைக் கதவு திறந்தே இருந்தது. மேடத்தின் மேசைமேல் முத்திரையார் ஒரு காகிதத்தை வைத்தார். மொட்டைக் கடிதத்தைத்தான் வைத்தார். மனு பைக்குள்ளேயே இருந்தது. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. இரண்டாம் முறையும் படித்துவிட்டு, கூடத்துக்குக் கேட்கும் குரலில், "நீங்க சொல்றது சரிதான். இப்படி ஒண்ணு இங்க இருக்கக் கூடாது. இன்னிக்கே கவனிக்கிறேன்," என்றார்.

அவர் முகத்தைப் படிக்க முத்திரையார் தம்மால் ஆனமட்டும் முயன்றார். மகள் நிஜமாகவே அந்த ஒருத்தியா, இல்லையா? சுவரைப் பார்த்ததுபோல்தான் இருந்தது. இந்த அம்மாள் தராசுக் கடை வைத்திருந்தால் தம்மாலேயே பிடித்திருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

*

அடுத்த பன்னிரண்டு நாளும் வீட்டில் நெருப்பின்மேல் உட்கார்ந்ததுபோல் இருந்தது. மகளிடமிருந்து அழைப்பு இல்லை. தொலைபேசி அடித்தால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, எழுந்ததற்காக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். மனு மேசை இழுப்பறையில் கிடந்தது. கிழிக்கவில்லை. வழக்கு முடியாமல் காகிதத்தைக் கிழிப்பது அவர் குணமல்ல. இழுப்பறையைத் துடைக்கும் சாக்கில் மனைவி ஒருநாள் அதைப் படித்துவிட்டார் என்பதும் அவருக்குத் தெரியும். அன்று சாப்பாட்டில் உப்பில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பெட்டி திறப்பதைக் குடும்பங்களும் பார்க்கலாம் என்று இணைப்பு அனுப்பியிருந்தார்கள். இருவரும் கைப்பேசியைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தார்கள். திரையில் நீள மேசை, அதைச் சுற்றிப் பதினொரு பேர். சுருட்டை மட்டும் மேசையில் இல்லாமல் சுவரோரம் நின்றிருந்தான்.

பெரிய மேடம் பேசினார். "தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நம்மள்ல ஒருத்தர் ஐந்து பேர் வீட்டுக்கு ஒரே மாதிரி மொட்டைக் கடிதம் எழுதியிருக்கார். கலக்கிறது யாருன்னு கண்டுபிடிக்க. அவர் ஒத்துக்கிட்டார். இந்த முடிவுல அவர் பேர் இருக்காது."

சுருட்டை தலைகுனிந்து, "பதினொண்ணையும் ரொம்ப நாள் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்," என்றான். "எது நிஜம்னு தெரியாம தூக்கம் வரல. மன்னிச்சிடுங்க."

"ஐந்து வீடு," என்றார் மனைவி, விரலை விரித்துக் காட்டி. "அஞ்சு பேருக்கும் எழுதியிருக்கான், பாவி."

"பேசாதே, கேளு."

மேடம் பெட்டியைத் திறந்து உள்ளிருந்த உறையைக் கிழித்தார். "பொய் கலந்தவர் எழுந்திருக்கலாம்."

முத்திரையார் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திரு, எழுந்திரு என்று உள்ளே ஏதோ கெஞ்சியது. அவள் அசையவில்லை. அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி, அதுவரை யாரும் கவனிக்காத வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் எழுந்து, கலந்தவை ஆறு, அவற்றில் நான்கு பிடிபட்டன என்று, ஒவ்வொன்றையும் கலந்த நேரத்தையும் சேர்த்துப் படித்துக்காட்டினார். பதினொன்றில் நான்கு போக ஏழு. அந்த ஏழிலும் மூன்று நான்கு தற்செயலாக ஜோடி சேர்ந்தவையாக இருக்கலாம். கலந்த பொய் ஆறும் கணக்கில் வந்துவிட்டது, அதற்குமேல் ஒன்றுகூட இல்லை, பதிவு சுத்தம். வெடித்த நட்சத்திரங்களின் நியூட்ரினோ கிடைத்துவிட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் சில வருடம் தேட வேண்டும் என்று மேடம் முடித்தார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முத்திரையார் கைதட்டவில்லை. அவள் கலக்கவே இல்லை. 'இல்லை, அப்பா' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அது உண்மையாகவும் இருந்திருக்கும். அப்பாவை இழந்தாலும் இழக்கலாம் என்று தெரிந்தே, அந்த ஒரு சொல்லை அவள் சொல்லவில்லை.

பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. அவரே எடுத்தார்.

"பார்த்தீங்களா?" என்றாள் மகள்.

"பார்த்தோம். நீ நல்லா உட்கார்ந்திருந்தே."

"அப்பா, அம்மா நேத்தே பேசினாங்க. என் பேர்ல ஒரு மனு எழுதிக் கையெழுத்தும் போட்டு வச்சிருக்கீங்களாமே. நிஜமா?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜம்."

"கொடுக்கத்தான் வந்தீங்களா?"

கொடுக்க வேண்டாம் என்று நினைத்துத்தான் கொண்டுவந்தேன் என்று சொல்லலாம். சும்மா எழுதினேன் எனலாம். "கொடுக்கத்தான் வந்தேன்," என்றார். "கொடுக்கல."

மறுமுனையில் யாரோ அவளைக் கூப்பிடுவதும் நாற்காலி நகர்வதும் கேட்டன.

"எனக்குக் கோபமா இருக்கு, அப்பா."

"இருக்கட்டும். நியாயம்தான்."

"நீங்க நியாயம்னு சொன்னா கோபம் போயிடுமா? கொஞ்ச நாள் கோபமா இருக்கப் போறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும். அதுக்கப்புறம் கூப்பிடுங்க."

அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். "அடுத்த ஞாயிறுன்னா எது? இந்த வாரம் வர்றதா, அதுக்கு மேல வர்றதா?"

"அப்பா!"

"தேதி சரியா தெரியணுமில்ல. முன்னாடியே கூப்பிட்டுட்டா அதுக்கும் கோபிச்சுக்குவே."

"மேல வர்றது," என்றாள் அவள். குரல் அழுகையா சிரிப்பா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. "காலையில பத்து மணிக்கு."

"பத்து மணி," என்று சொல்லி, நாட்காட்டியைக் கழற்றி எடுத்துவரும்படி மனைவிக்குக் கையைக் காட்டினார்.